பெயர் மாற்றாமல் விற்ற கார்

போன வாரம் இந்தப் பத்தி வரவில்லை. உடம்புக்கு என்ன, ஊரில் இல்லையா என்று சிலர் போன் போட்டுக் கேட்டீர்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஊரிலும்தான் இருந்தேன். காரைக்கால் கோர்ட் வராண்டாவில், ஒரு மர பெஞ்சில், காலை பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருந்தேன்.

சாட்சி சொல்லவா? இல்லை. ஒரு பெண் செத்துப்போன விபத்து வழக்கில் நான் இரண்டாம் எதிர்மனுதாரர்.

விபத்து நடந்த நேரத்தில் நான் தருமபுரத்தில் என் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இடித்த காரை விற்று அப்போது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பிறகு எனக்கு அங்கே என்ன வேலை? அதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

“கேஸ் முடியிற வரைக்கும் வாயத் திறக்காதீங்க சார், எழுதவும் எழுதாதீங்க” என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். இதைப் படித்ததும் போன் செய்வார். எடுக்கிற உத்தேசம் இல்லை.

பழைய கார் விஷயத்தில் நான் இந்தப் பக்கத்தில் எவ்வளவு அளந்திருப்பேன்... நம் ஊர் உப்புக் காற்றுக்கு முதலில் துரு பிடிப்பது வண்டியின் அடிப்பாகம், அதனால் கீழே குனிந்து பாருங்கள், உள்ளே கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று சந்தேகமா? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், சேற்றுக் கறை காட்டிக்கொடுத்துவிடும். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். விற்பவர்களுக்கு மட்டும் ஒரே புத்திமதி — சாவியைக் கொடுக்கிற அன்றைக்கே பெயரை மாற்றக் கொடுத்துவிட்டு மறுவேலை பாருங்கள்.

இவ்வளவும் எழுதிய பெரிய மனுஷன் தன் காரை விற்றபோது என்ன செய்தான் தெரியுமா?

வெள்ளைக் கலர் சின்னக் கார். பதினோரு வருஷம் என் கையில் ஓடியது. வாங்க வந்தவர் பாஸ்கர் — பொறையாறில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் இளைஞர். கூட்டி வந்தவர் புரோக்கர் கலியபெருமாள். பாஸ்கர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், ஒரு ரவுண்டு ஓட்டினார், அதிகம் பேரம் பேசவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். காரைக்காலிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு. பொறையாறு அந்தப் பக்கம். காரைக்கால் பாண்டிச்சேரியைச் சேர்ந்தது, அதனால் நம் வண்டிக்குப் பாண்டிச்சேரி நம்பர். அந்தப் பக்கத்துக்காரர் இதை முறைப்படி வாங்கினால் இங்கே தடையில்லாச் சான்று எடுத்து, அங்கே மறுபடி பதிவு செய்து, அந்த ஊர் வரியையும் கட்ட வேண்டும். கட்டாமல் தப்பிக்க ஊரறிந்த வழி ஒன்று உண்டு. பெயரையே மாற்றாமல் ஓட்டுவது.

கலியபெருமாள் அதைத்தான் சொன்னார். “ஆர்.சி. புக்கு சார் பேருலயே கெடக்கட்டும் சார். சார் வூடும் காரைக்கால், வண்டியும் காரைக்கால் நம்பரு, நடுவுல எவன் கேக்கப் போறான்? கொஞ்சம் கையில காசு சேர்ந்ததும் தம்பி மாத்திக்கும்.”

“மாத்திக்கிறேங்க சார், சத்தியமா” என்றார் பாஸ்கர்.

என் மனைவி அப்போது வாசல் பக்கம்தான் நின்றாள். “பேரு மாத்தாம எப்படிங்க சாவியக் குடுக்குறது?” என்று கேட்டாள்.

“உனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?” என்றேன். வெளி ஆட்கள் முன்னால். அவள் உள்ளே போய்விட்டாள்.

பெயர் மாற்றும் ஃபாரங்களில் தேதி போடாமல் கையெழுத்து போட்டேன். சாவியைக் கொடுத்தேன். ஒரு இளைஞனுக்கு வரிச் சுமையைக் குறைத்துவிட்ட பெருமிதம் வேறு. அடுத்தவன் வரியை மிச்சம் பிடித்துக் கொடுக்க நான் யார்?

சில மாதம் கழித்து என் போனுக்கு மெசேஜ் வந்தது. உங்கள் வாகன இன்சூரன்ஸ் முடிய இன்னும் முப்பது நாள். பாலிசி என் பெயரில் இருக்கும்போது எனக்குத்தானே வரும்? பிறகு பதினைந்து நாள். பிறகு ஏழு. கடைசியில், முடிந்துவிட்டது என்றே ஒன்று. ஒவ்வொன்றையும் அழித்தேன். பாஸ்கருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டேன்.

இல்லை... மேலே இருக்கும் அந்தக் கடைசி வார்த்தை பொய். மறக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் நினைவு வந்தது. வண்டி என்னுடையது இல்லை, எனக்கென்ன வந்தது என்றுதான் இருந்தேன்.

பிறகு ஒருநாள் காலை போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன்.

“இந்த நம்பர் வண்டி உங்களோடதா சார்?”

“அத வித்துட்டேங்க.”

“புக்கு உங்க பேருலல்ல இருக்கு? கோட்டுச்சேரி கிட்ட ஆக்சிடென்ட். ஒரு லேடி ஸ்பாட்லயே முடிஞ்சிட்டாங்க. கெளம்பி வாங்க.”

இறந்தவர் பெயர் தனம். கிளிஞ்சல்மேட்டுக்காரர். மீன் கூடையோடு ரோட்டோரம் நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்திருக்கிறார். பாஸ்கர்தான் ஓட்டி வந்திருக்கிறார். தூக்கமா, போனா, பிரேக்கா — இன்றைக்கு வரைக்கும் அவர் ஒழுங்காகச் சொல்லவில்லை.

குடும்பத்தார் நஷ்டஈடு கேட்டு மனு போட்டார்கள். முதல் எதிர்மனுதாரர் பாஸ்கர். இரண்டாவது நான். மூன்றாவதாக இன்சூரன்ஸ் கம்பெனி இருந்திருக்க வேண்டும். அந்த இடம் காலி. இன்சூரன்ஸ் உயிரோடு இருந்திருந்தால் கம்பெனி பணம் கொடுத்திருக்கும், அந்தக் குடும்பம் இத்தனை நாள் அலைந்திருக்காது. இதை நான் ஒருநாளும் மறக்கக் கூடாது.

பாஸ்கர் தன் பதிலில் என்ன சொன்னார் தெரியுமா? அன்று ஒருநாளைக்கு மட்டும் என்னிடம் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு வந்தாராம். கலியபெருமாள் என் போனை எடுப்பதே இல்லை. எதிரே பார்த்தால் டீக்கடைக்குள் புகுந்துகொள்கிறார்.

வக்கீல் தைரியம் சொன்னார். “வித்தாச்சுன்னு நாம ஒரு பதில் போடுவோம். சட்டம் புக்குல உள்ள பேரைத்தான் பாக்கும், நமக்கு ஒண்ணும் சாதகம் இல்லதான். ஆனா இழுக்கலாம் சார். அஞ்சாறு வருஷம் ஓடிரும். அதுக்குள்ள அவங்களே அலுத்துப்போயி கொறைச்சலா சமாதானத்துக்கு வருவாங்க.”

நான் என்ன சொன்னேன்? சரி என்றேன். நஷ்டஈட்டுக்காக ஜப்தி என்று வந்தால், வீடு என் பெயரில் இருக்கிறதே. ஒன்றரை வருஷம் அவர் வாய்தா மேல் வாய்தாவாக வாங்கினார். ஒரு தடவைகூட நான் போய் எட்டிப் பார்க்கவில்லை. போன வாரம் பதிலில் என் கையெழுத்து வேண்டும் என்று வரச் சொன்னதால்தான் போனேன்.

பெஞ்சில் என் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். நாற்பது வயது இருக்கும். வெயிலில் கறுத்த முகம், வெளுத்த நீலச் சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

“நீங்களும் கேசாங்க?” என்றார்.

“ஆமாங்க.”

“எத்தினியாவது வாய்தா?”

“இன்னிக்குத்தான் மொத தடவையா வர்றேன்.”

“நான் ஒண்ணு வுடாம வர்றேங்க. நம்ம சம்சாரம் ஆக்சிடென்டுல போயிருச்சு. கோட்டுச்சேரி கிட்ட.”

எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது உண்மை. போகவில்லை. அவர் பெயர் சேகர் என்றார். ஃபைபர் போட்டில் மீன் பிடிக்கப் போகிறவர். போகிறவராக இருந்தவர்.

“விடியறதுக்கு முன்னால எறங்கணுங்க. வூட்ல பொட்டப் புள்ளைங்க ரெண்டு. பெரியதுக்கே பத்து வயசுதான். தனியா வுட்டுட்டு எப்படி கடலுக்குப் போறது? அவ போனதுலேருந்து நான் போகல. கரையில ஐஸ் ஒடைக்கிறது, பொட்டி தூக்குறதுன்னு ஓடுது. அவ சுனாமியில அவங்கம்மாவப் பறிகொடுத்தவ. தண்ணிப் பக்கமே வர மாட்டா. ரோட்டுல வச்சு வித்தா போதும்னு ரோட்டுக்குப் போனவ.”

கையிலிருந்த கவரை மடியில் வைத்து நீவிவிட்டார். அப்புறம் சொன்னார்.

“ஓட்டுன ஆளு, வண்டி எனக்குச் சொந்தமில்லைங்குறான். புக்குல பேரு இருக்குற ஆளு, அப்பவே வித்துட்டேங்குறாராம். இன்சூரன்சுக்காரங்க எங்களுக்கும் அந்த வண்டிக்கும் சம்பந்தமே இல்லைங்குறாங்க. வண்டி ஒருத்தருதும் இல்லையாம். செத்தவ மட்டும்தாங்க எங்க வூட்டு ஆளுன்னு எல்லாரும் ஒத்துக்குறாங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. விசாரிக்கிற மாதிரி, எனக்கு விஷயம் தெரிந்திருக்குமோ என்கிற மாதிரி சொன்னார். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி அடித்ததில்லை.

“புக்குல பேரு இருக்குறது நான்தாங்க” என்றேன்.

எழுந்து சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“யாரோ பெரிய ஆளா இருக்கும்னு நெனச்சேங்க” என்றார். அவ்வளவுதான். கவரை எடுத்துக்கொண்டு எதிர்ப் பெஞ்சுக்குப் போய்விட்டார்.

வக்கீல் வந்து பேப்பரை நீட்டினார். நாலு பக்கம். இந்த வாகனத்துக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, விபத்து பற்றியே எனக்குத் தெரியாது, இறந்தவர்தான் ரோட்டின் நடுவில் நின்றார் என்றெல்லாம் அதில் இருந்தது. தனம் ரோட்டின் நடுவில் நின்றதை நான் எப்போது பார்த்தேன்?

“இதுல கையெழுத்துப் போட மாட்டேன்” என்றேன்.

“வழக்கமா எல்லாரும் போடுறதுதான் சார் இது. வீடு இருக்கு உங்களுக்கு. யோசிச்சுப் பேசுங்க.”

யோசித்தால் போட்டுவிடுவேன் என்று எனக்குப் பயம். கேஸைக் கூப்பிட்டார்கள். வக்கீல் வாய் திறப்பதற்குள் நானே முன்னால் போய், “ஐயா, வண்டி என் பேருலதான் இருக்கு. இன்சூரன்ஸ் முடிஞ்சதும் எனக்குத் தெரியும். நான்தான் கண்டுக்கல” என்றேன். நீதிபதி கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். “எழுத்துல குடுங்க” என்றார். அதற்கு ஒரு வாய்தா. உண்மையைச் சொல்லவும் ஒரு தேதி வாங்கித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

வெளியே வந்து சேகரைத் தேடினேன். படியில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

“இனிமே என் பக்கத்துலேருந்து இழுக்க மாட்டேங்க” என்றேன்.

“சரிங்க” என்றார். ரெண்டு படி இறங்கியவர் நின்றார். “இத மொத வாய்தாவுலயே வந்து சொல்லியிருக்கலாமேங்க.” பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வந்துவிடும் என்று பஸ்ஸைப் பிடிக்க வேகமாகப் போனார்.

அவர் என் கையைப் பிடித்து நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. அந்த வேதனையை என்னவென்று சொல்ல? ஒன்றரை வருஷம் ஒரு மனுஷனைக் கோர்ட்டுக்கு அலையவிட்டுவிட்டு, ஒரு உண்மைக்கு மாலை எதிர்பார்க்கிற ஆள் நான். வெட்கமாக இருக்கிறது.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மனைவி முழுவதும் கேட்டாள். பீரோவைத் திறந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். கோபமா, சம்மதமா... கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பத்திரம் இன்னும் மேஜை மேல்தான் இருக்கிறது.

கார் விற்பதில் நமக்குத் தெரிந்த சாமர்த்தியம் எல்லாம் விலையோடு முடிந்துவிடுகிறது. டயரைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறோம். பெயரைப் பற்றிப் பேச்சு வந்தால் தம்பி நல்ல பையன், பார்த்துக்கொள்வான் என்கிறோம். பாஸ்கரும் நல்ல பையன்தான் — காலையில் அந்த ரோட்டில் திரும்புகிற வரைக்கும். நானும் நல்லவன்தான், இழுக்கலாம் என்று வக்கீல் சொல்கிற வரைக்கும்.

ஒரு கேள்வி கேட்டு முடிக்கிறேன். நீங்கள் கடைசியாக விற்ற வண்டி இந்த நிமிஷம் எந்த ரோட்டில், யார் பெயரில் போய்க்கொண்டிருக்கிறது — தெரியுமா?