தொட்டால் பறக்கும் சாங்லூ

எங்கள் ஊர்ப் பக்கம் சண்டை கற்காத ஆம்பிளை குறைவு. கால்வாய்க்கு அந்தப் பக்கத்துக் கூட்டம் விடிந்ததும் பாப்ளர் மரத்தில் தோளை மோதும். பட்டை போய் மரமெல்லாம் வழுவழுவென்று நிற்கும். இந்தப் பக்கம் நாங்கள். எங்களுடையது தாய்ச்சி, மெதுவாக அசைகிற சண்டைமுறை. பார்த்தால் சோம்பேறிகள் காற்றைத் தடவுகிற மாதிரி இருக்கும். முழங்காலை மடக்கி, மரத்தைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கச் சொல்வார்கள். அதற்கே தொடை தீப்பிடிக்கும். நான் சீக்கிரமே கழன்றுகொண்டு கழுதைக்கறி ரொட்டிக்கடை போட்டேன். ஜி சாங்லூ கழலவில்லை.

சாங்லூ குழாய் வளைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். காலையில் எங்கள் பக்கத்துத் தோப்பில் பயிற்சி, பிறகு தொழிற்சாலை உலை, சாயங்காலம் என் கடையில் ரொட்டியும் சூப்பும். இது தவிர அவனுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வெளியூர் ஆட்கள் கற்க வந்தால், எங்களுக்குத் தாய்ச்சி சொல்லிக்கொடுத்த டெங் வாத்தியார் அவனைக் கூப்பிடுவார். இருவரும் எதிரெதிரே நின்று கையோடு கை ஒட்டிச் சுற்றுவார்கள். வாத்தியார் உள்ளங்கையை அவன் நெஞ்சில் வைத்து லேசாக மூச்சை விடுவார். அவ்வளவுதான், சாங்லூ பின்னால் பறந்துபோய் மரத்தில் மோதுவான். மரத்தில் பழைய மெத்தை ஒன்று கட்டியிருந்தோம். தியான்ஜின் நகரத்து ஆட்கள் அதைப் பார்த்துத்தான் வாத்தியாரிடம் சேர்ந்தார்கள்.

ஊரில் பாதிப்பேர் அதை நாடகம் என்றார்கள். அவன் மனைவி யூமெய் என் கடையில் வைத்தே சொல்வாள்: "சம்பளம் இல்லாத நடிகன் இந்த மாகாணத்துலயே எங்க வீட்டுலதான் இருக்கான். மாசம் ஒரு சட்டை முதுகுல கிழியுது."

"நான் நடிக்கல" என்பான் சாங்லூ. கோபமாகக்கூட இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போல.

அந்த வசந்தத்தில் மாகாணத் தலைநகரிலிருந்து பான் லெய் என்று ஒருத்தன் வருவதாகச் செய்தி வந்தது. மேடைக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கிறவன். ஊர் ஊராகப் போய்க் கிழட்டு வாத்தியார்களைச் சண்டைக்கு அழைத்துப் படம் பிடித்துப் போடுகிறவன். சாங்லூ சூப்பை ஆறவிட்டுச் சொன்னான்:

"வாத்தியாரு முதல்ல என்னைத்தான் விடுவாரு. அவன் தள்ளி நான் அசையாம நின்னுட்டா, அந்தச் சக்தி வாத்தியார் கையில மட்டுந்தான் இருக்குன்னு அர்த்தம். அப்ப இத்தனை வருஷமும் நெஜம்."

"அவன் தள்ளியும் பறந்துட்டா?"

ரொட்டியைப் பிய்க்க ஆரம்பித்தான்.

பான் லெய் வந்தான், போனில் படம் பிடிக்க ஒரு கூட்டாளியோடு. மரியாதையான பயல். "வாத்தியாரே, ஒரு தடவை என்னைத் தொடுங்க. நான் பறந்தா இங்கேயே மண்டிபோட்டுத் தலையைத் தரையில வைக்கிறேன்" என்றான். வாத்தியார் சாங்லூவைக் காட்டினார். சாங்லூ போய் நின்றான். படத்துக்கு வேண்டிய வெயிலைச் சாங்லூ மறைத்து நின்றதால், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்பதற்காகப் பான் லெய் கையைத் தூக்கினான்.

சாங்லூ பறந்தான். மெத்தையில் மோதி வேரடியில் உட்கார்ந்தான்.

பான் லெய் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். "அண்ணே, நான் இன்னும் தொடவே இல்லையே!"

படம் பிடித்தவன் சிரித்த சிரிப்பில் போன் ஆடியது. வாத்தியார், "சிஷ்யனோட உடம்பு எவ்வளவு கூர்மை பாத்தியா? காத்தையே கேக்குது" என்றார். அன்று தனக்கு வயிறு சரியில்லை என்றும் சொன்னார். எல்லோருக்கும் தேநீர் வந்தது.

படத்தை ஊரே பார்த்தது. தொழிற்சாலையில் எவன் கையைத் தூக்கினாலும் சாங்லூ பின்வாங்கினான். அதைப் பார்ப்பதற்காகவே தூக்கினார்கள். "சாங்லூ, வணக்கம்!" ஒரு முறை முதுகு உலைக்கதவை உரசியது. மேஸ்திரி கத்திய பிறகுதான் நிறுத்தினார்கள். சாங்லூ வழக்கம் போலக் கடைக்கு வந்தான். சாப்பிட்டான், போனான், வந்தான்.

தொழிற்சாலைக்கு லீவான ஒருநாள் மத்தியானம் கடைக்குள் வாசலோரம் அவன் எனக்கு ஒத்தாசையாகக் குனிந்து கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தான். மாவு மூட்டையோடு வந்த எனக்குக் கால் வழுக்கியது. மூட்டையும் நானுமாக அவன் முதுகில் மோதினோம். நான் விழுந்தேன். மூட்டை வெடித்தது. அவன் அப்படியே நின்றான். கிண்ணத்துத் தண்ணீர்கூடச் சிந்தவில்லை.

திரும்பிப் பார்த்தான். கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"தள்ளு" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

தள்ளினேன். சுவரைத் தள்ளுவது போல இருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். என் செருப்புத்தான் சறுக்கியது.

"இப்பக் கண்ணைத் திறக்கிறேன்."

கையைத் தூக்கினேன். வாசல் பிளாஸ்டிக் திரையைப் பிய்த்துக்கொண்டு தெருவில் போய் உட்கார்ந்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

உள்ளே வந்து மாவைத் தட்டினான். "அப்ப நிக்கத் தெரியுது எனக்கு."

"தெரியுது."

"யாருடா சொல்லிக் குடுத்தது?"

"வேற யாரு. டெங் வாத்தியார்தான்."

இலையுதிர் காலத்தில் தியான்ஜினிலிருந்து புதிதாக ஒரு கூட்டம் வந்தது. வாத்தியார் கூப்பிட்டார். ரொட்டி கொண்டுபோன நானும் அங்கே இருந்தேன். சாங்லூ எதிரே போய் நின்றான். கைகள் சுற்றின. வாத்தியாரின் உள்ளங்கை நெஞ்சுக்கு வந்ததும் சாங்லூ கண்ணை மூடிக்கொண்டான்.

வாத்தியார் மூச்சை விட்டார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி விட்டார். பிறகு தள்ளினார். கழுத்து நரம்பு புடைத்தது, குதிகால் தரையைவிட்டு எழும்பியது. வந்தவர்கள் இதுவும் வித்தையில் சேர்த்தி என்று நினைத்து மூச்சுக் காட்டாமல் பார்த்தார்கள். சாங்லூ நின்றான். எனக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்கும் தெரிந்திருக்கும்.

"சாங்லூ" என்றார் வாத்தியார், பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. "கண்ணைத் திறப்பா."

திறந்தான். அவர் முகத்தைப் பார்த்தான். பறந்தான். அவ்வளவு தூரம் அவன் போய் நான் பார்த்ததில்லை. கைதட்டல் அடங்க நேரமானது. இரண்டு பேர் அங்கேயே பெயர் கொடுத்தார்கள்.

சாயங்காலம் கடைக்கு வந்தான். ரொட்டியை வைத்துவிட்டுக் கேட்டேன்: "உடம்பு தானாப் போச்சா, நீயாப் போனியா?"

மென்று விழுங்கினான். "அவரு கை நடுங்குச்சுடா" என்றான். "அதுதான் தெரிஞ்சுது. மத்தது தெரியல."

"அப்ப அவர்கிட்ட ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சு."

"ஆமா."

"இனிமே போகமாட்டியே?"

சூப்பைக் கடைசிவரை குடித்தான். மறுநாள் விடியலில் நான் அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது அவன் சைக்கிள் கடையைத் தாண்டித் தோப்புப் பக்கம் போனது.