கப்பாசிட்டர் உப்பிப் போனால்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் கடை இருந்தது. கடையோடு ஒரு வலைத்தளமும் நடத்தினேன். எந்த மதர்போர்டில் எந்த ராம் சேரும், பெட்டி விட்டுவிட்டு பீப் அடித்தால் எதைக் கழற்றிப் பார்க்க வேண்டும், பவர் சப்ளையின் மஞ்சள் கம்பியில் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்பதையெல்லாம் தமிழில் எழுதி வைத்திருந்தேன். எங்கெங்கிருந்தோ நன்றி சொல்லி மெயில் வரும். பொறியியல் படித்தவன் எழுதியது என்பதால் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை.

பிறகு கடை படுத்தது. மூட்டு வலி வந்தது. தளத்துக்குக் கட்ட வேண்டிய வருடக் கட்டணத்தைக் கட்டாமல் விட்டேன். அது மறைந்து போனதை நானே பல மாதம் கழித்துத்தான் கவனித்தேன்.

போன வருடம் கல்வராயன் மலையிலிருந்து ஒரு டீச்சர் போன் செய்தார். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு அரசுப் பள்ளியில் வேலை பார்ப்பவர். யாரிடமோ என் நம்பர் வாங்கியிருந்தார்.

"சார், உங்க சைட்டு இன்னா ஆச்சு? எவ்ளோ தேடியும் வர மாட்டேங்குது."

அவர் பள்ளியில் ஓர் அறை நிறையப் பழைய கம்ப்யூட்டர்கள் பூட்டிக் கிடக்கின்றன. அரசாங்கச் சொத்து என்பதால் தூக்கி எறியவும் முடியவில்லை. ஒன்றிரண்டாவது உயிர் பெற்றால் பிள்ளைகள் தட்டச்சுப் பழகலாம், வேறு வழி ஏதும் இருக்கிறதா என்று என் தளத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்றார். அதைத் திரும்பக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். என்னையும் ஒருவர் தேடுகிறாரே என்ற சந்தோஷம்தான்.

பழைய பக்கங்கள் ஒரு சிடியில் இருந்தன. யுனிகோடு பரவுவதற்கு முன் ஏதோ ஒரு எழுத்துருவில் அடித்தவை. இப்போது திறந்தால் தமிழுக்குப் பதில் கொம்பும் கோடுமாக என்னென்னவோ தெரிந்தது. ஒவ்வொரு பக்கமாக எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தேன். அப்படியும் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகப் பிரிந்து கிடக்கும். வரிவரியாகப் படித்துத்தான் சரி செய்ய வேண்டியிருந்தது. ஃப்ளாப்பி டிரைவுக்கு ஒரு பக்கம், ஹார்ட் டிஸ்கில் ஜம்பர் மாட்டுவதற்கு மூன்று பக்கம். இதெல்லாம் இனி யாருக்கு என்று கேட்டுக்கொண்டே திருத்தினேன். இடுப்பு விட்டுப் போனது.

"கடையும் போச்சு, கண்ணும் போச்சு. இத மட்டும் வுட மாட்டேங்கறீங்க" என்றாள் மனைவி.

அப்படிப் படித்துக்கொண்டு வரும்போதுதான் அந்தப் பக்கம் வந்தது. 'கப்பாசிட்டர் உப்பிப் போனால்' என்பது தலைப்பு. 'அந்த போர்டைப் பழுது பார்க்க முடியாது. புதிய போர்டு வாங்குவதே வழி' என்று அதில் எழுதியிருந்தேன்.

அது பொய். எழுதும்போதே எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் வந்த பல போர்டுகளில் சின்ன டப்பா போன்ற கப்பாசிட்டர்கள் சில வருடங்களிலேயே தலை உப்பிக் கசிந்துவிடும். அவற்றை மட்டும் கழற்றி, அதே அளவில் நல்லதாகப் பார்த்துப் பற்ற வைத்தால் பெரும்பாலும் போர்டு ஓடும். கொஞ்சம் பொறுமையும் ஒரு சால்டரிங் அயனும் போதும். ஆனால் என் கடையில் புது போர்டுகள் அடுக்கிக் கிடந்தன. அந்தப் பக்கத்தை நான் எழுதிய கம்ப்யூட்டரே, நான் கப்பாசிட்டர் மாற்றி ஓட்டிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்தான்.

வரியை அழித்தேன். மாற்றும் முறையைத் தெளிவாக எழுதினேன். தளத்தை ஏற்றினேன். கப்பாசிட்டர்களும் அயனும் எடுத்துக்கொண்டு, கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை போகும் பேருந்தில் ஏறினேன்.

டீச்சருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். அறையைத் திறந்து, உடைந்த பெஞ்சுகளை நகர்த்தி, ஒரு பெட்டியை மேசையில் வைத்தார். மூடியைக் கழற்றினேன். உள்ளே வரிசையாக உப்பியிருந்தன.

"இதேதான் சார். இது போனா போர்டு போச்சுன்னு நீங்க எழுதியிருந்தீங்கல்ல? அதுக்கப்புறம் இத யாரும் தொடல."

பேசாமல் பற்ற வைத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். அதற்குத்தான் போயிருந்தேன் என்றும் சொல்லலாம்.

"போகல டீச்சர். அன்னிக்கே சரி பண்ணியிருக்கலாம். எனக்குத் தெரியும். போர்டு விக்கறதுக்காக அப்படி எழுதினேன்."

திருத்திய பக்கத்தை என் போனில் சேமித்து வைத்திருந்தேன். அதை நீட்டினேன். மெதுவாகப் படித்தார்.

"நல்லாத்தான் எழுதிக்கிறீங்க. பழைய வரி எங்க?"

"எடுத்துட்டேன்."

"எடுத்துட்டா? அப்ப நான் இன்னாத்தப் படிச்சிட்டு ஒதவாதுன்னு சொன்னேன்னு யாருக்குத் தெரியும்?" அவர் குரல் உயரவில்லை. "பெத்தவங்கல்லாம் ஜீப்பு வெச்சி கீழ எடுத்துக்கினு போயி ரிப்பேர் பண்ணலாம்னாங்க. நான்தான் வேணாம், தண்டச் செலவுன்னு நிறுத்துனேன். சொல்லிக் குடுக்க சோம்பல், அதான் டீச்சர் பூட்டி வெச்சிட்டாங்கன்னு பேச்சாயிடுச்சி. இன்னிக்கும் சந்தையில பாத்தா, 'இன்னா டீச்சர், பொட்டி தூங்கிக்கினு கீதா'ன்னு கேக்கறாங்க."

பழைய வரியைத் திரும்பப் போடுகிறேன், கீழே உண்மையை எழுதுகிறேன் என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "இங்க எவன் சார் உங்க சைட்டப் பாக்கறான்? டவரே கெடையாது, நானே கீழ வந்தாத்தான் பாப்பேன். வெள்ளிக்கிழம பெத்தவங்க கூட்டம். வந்து நீங்களே சொல்லுங்க."

அன்று முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கம்ப்யூட்டர் ஓடியது. மற்றவற்றின் கம்பிகளை எலி தின்றிருந்தது. அவை பல வருடம் முன்பே சரியாகியிருக்க வேண்டியவை.

வீட்டுக்கு வந்து பழைய வரியை அப்படியே போட்டேன். அது பொய், விற்பனைக்காகத் தெரிந்தே எழுதினேன், நம்பியவர்கள் மேல் தப்பில்லை என்று அதன் கீழே சேர்த்தேன். கூட்டத்தைப் பற்றி மனைவியிடம் சொன்னேன்.

"ஊர்ல நின்னு சொல்லணுமா?"

"சொல்லணும்."

அவள் வாளியை எடுத்து வந்தாள். "அப்ப அந்த வெள்ளச் சட்டையக் கழட்டிக் குடுங்க, தோச்சுத் தரேன். இந்த அழுக்கோட போயி நிக்காதீங்க."

வெள்ளிக்கிழமை மரவள்ளிக் காட்டிலிருந்து நேராக வந்தவர்கள் பள்ளி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்று சொன்னேன். மெயிலில் எத்தனையோ பேருக்கு விளக்கம் சொன்னவனுக்கு அங்கே நாலு வாக்கியம் கோவையாக வரவில்லை.

முடித்ததும் பின்னால் இருந்த ஒரு பெண்மணி பேசினார். "எம் பொண்ணு இங்கதான் படிச்சா. திருப்பூர்ல கம்பெனிக்குப் போனப்ப கம்ப்யூட்டர் தெரியுமான்னு கேட்டாங்களாம். தெரியாதுன்னா. தையல் மிஷின்ல உக்கார வெச்சிட்டாங்க. இன்னும் அங்கதான் கீறா."



முன்வரிசையில் இருந்த ஒருவர் டீச்சர் பக்கம் திரும்பினார். "அப்ப உங்க மேல தப்பில்ல டீச்சர். நாங்கதான் வாய்க்கு வந்ததப் பேசிக்கினு இருந்தோம்."

"பேசுனீங்க. இத்தினி வருசமா பேசுனீங்க." டீச்சர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, வுடுங்க. அடுத்தது தண்ணி டேங்கு. ஓட்டைய யாரு அடைக்கறது?"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. பேருந்து வர இன்னும் நேரம் இருந்தது. வராந்தாவின் ஓரத்தில் உட்கார்ந்து, தண்ணீர் டேங்க் விஷயம் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.