மூன்றாவது நீதிபதி எழுதிய வரி

அந்த வக்கீல் அலுவலகத்தில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. எல்லோருக்கும் அவர் 'கமா'. மனுவில் காட்டும் ஒவ்வொரு தீர்ப்புக்கும் வாதி பெயர், பிரதிவாதி பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம் என்று வரிசை பிசகாமல் எழுதிக் கொடுப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக அவர் பிழைப்பு. ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் தாளைத் திருப்பிவிடுவார்.

"அண்ணே, உங்க கல்யாணப் பத்திரிகையில மாமனார் பேருக்கும் பக்க எண் போட்டீங்களா?" என்று ஜூனியர் வக்கீல் பெண் சீண்டுவாள்.

"போட்டிருப்பேம்மா. அந்த மனுஷன் எத்தனாவது பதிப்புன்னு யாருமே சொல்லல."

மற்ற அலுவலகங்களில் சட்டப் பாடநூலின் அடிக்குறிப்பைப் பார்த்து அப்படியே இறக்கிவிடுவார்கள். இவர் தீர்ப்பு முழுசாக அச்சான மூலத் தொகுதியைத் திறந்து கண்ணால் பார்க்காமல் ஒரு வரிகூட எழுதமாட்டார்.

அந்த வருடம் அவருடைய அக்காவே கட்சிக்காரியாக வந்து நின்றாள். ஆலையில் கொதிகலன் வெடித்து அத்தான் போய்விட்டார். அவர் ஒப்பந்தக்காரரின் ஆள், எங்கள் ஆள் இல்லை என்று ஆலை கைகழுவிவிட்டது. கீழ் நீதிமன்றமும் அதையே சொன்னது. மேல்முறையீட்டுக்குப் பிடிமானமாக ஒரு பாடநூலில், பழைய தீர்ப்பொன்றிலிருந்து எடுத்துப் போட்ட ஒரே ஒரு வரிதான் அகப்பட்டது: 'வேலை யாருக்காக நடந்ததோ அவரே முதலாளி.' பெரிய வக்கீலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கமா வழக்கம்போல நூலகத்தில் மூலத்தைத் திறந்தார். வரி இருந்தது. ஆனால் மூன்று நீதிபதிகளில் இரண்டு பேர் ஆலைக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். இந்த வரியை எழுதியவர், அவர்களோடு ஒத்துப்போகாத மூன்றாமவர். அப்படிப்பட்ட வரியைக் காட்டினால் பக்க எண்ணுக்குப் பின்னால் 'மாறுபட்ட தீர்ப்பு' என்று குறிப்பிட்டாக வேண்டும். குறிப்பிட்டால் அந்த வரி செல்லாக்காசு.

பேனாவைத் திறந்துவைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு பக்க எண்ணோடு நிறுத்திக்கொண்டார்.

விசாரணையன்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "ஐயா, அதுக்கு முன்னாடி இருக்கிற பக்கங்களையும் ஒருதடவை படிச்சிரலாமே" என்றார். நீதிபதி படித்தார். மேல்முறையீடு தள்ளுபடியாகப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

வராந்தாவில் பெரிய வக்கீல் கேட்டார்: "யோவ் கமா, நீ மூலத்தைப் பாக்கலையா?"

"பாத்தேன் சார்."

பெரிய வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மறுநாளிலிருந்து கமாவின் தீர்ப்புப் பட்டியல்கள் ஜூனியர் பெண்ணின் கைக்குப் போய்ச் சரிபார்க்கப்பட்டு வந்தன. அவளும் கிண்டலை விட்டுவிட்டாள்.

இன்னொரு மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் கெடு. பத்தொன்பதாம் நாள் மதியம் அக்கா போன் செய்தாள்.

"வேற தீர்ப்பே இல்லியாடா தம்பி?"

"தேடிக்கிட்டிருக்கேங்க்கா."

"நீ தேடினா அகப்படாம போகுமா? நான் அதை நம்பித்தான் இருக்கேன்."

அவர் போனை வைத்தார். மூன்று தடவை அலசியும் ஒன்றும் அகப்படாத அதே தீர்ப்பு அட்டவணையை இழுத்து, முதல் வரியில் விரலை வைத்தார்.