இன்னும் வெளியே போகாத ஒருத்தி

இதைக் கட்டுக்கதை என்கிறவர்கள் முதலில் என் அக்காவின் இடது கையைப் பார்த்துவிட்டு வரட்டும். மணிக்கட்டில் ஒரு மஞ்சள் ரப்பர் பட்டை இருக்கும். கத்தரியால் வெட்டினால்தான் கழலும். அவள் யாரையும் வெட்ட விடமாட்டாள்.

அக்காவுக்குத் தீம் பார்க்கில் வேலை. வாசல் கவுன்டரில் உட்கார்ந்து, வருகிறவர்கள் கையில் பட்டை கட்டுவாள். டிக்கெட், சாப்பாடு, ராட்டினம், எல்லாமே அந்தப் பட்டையில்தான். பிள்ளையின் பட்டையையும் பெற்றவர் பட்டையையும் ஜோடி போட்டுவிடுவாள். பிள்ளை இருபதடி தாண்டினால் பெற்றவர் கையில் 'ம்ம்ம்' என்று அதிரும். கிட்டே வந்தால் அடங்கிவிடும். செல்லப் பெயரைப் பதிந்து வைத்தால், உள்ளே நிற்கிற பொம்மைக் கரடி அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடும். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். போகும்போது வாசல் மெஷினில் பட்டையைக் காட்ட வேண்டும். அப்போதுதான் ஆள் வெளியே போனதாகக் கணக்கு.

ஊழியர் குடும்ப நாளன்று தன் ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரே பெண். சரியான வாயாடி. 'பட்டுக்குஞ்சு' என்று பதிந்தார்கள். பறக்கும் ராட்டினத்துக்கு மட்டும் உயரம் பத்தவில்லை. உயரம் பார்க்கிற கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. பிள்ளை அழுது தீர்த்துவிட்டுத் தோளிலேயே தூங்கிப் போனாள். வாசலில் கூட்டம் நெரிந்தது. அக்கா மெஷின் இல்லாத ஊழியர் கதவு வழியாகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாள் தன் பட்டையை மட்டும் வெட்டிக் கணக்கை முடித்தாள். மகள் தன்னுடையதைத் தொடவே விடவில்லை.

அடுத்த மாதம் காய்ச்சல். மூன்றே நாள். பிள்ளை போய்விட்டாள். பட்டையும் அந்தக் கையோடேயே போனது.

அதற்கப்புறம் அக்கா நடைப்பிணம்தான். ஊரார் பிள்ளைகளின் பிஞ்சுக் கைகளைப் பிடித்துப் பட்டை கட்டிக்கொண்டே இருந்தாள். அதைவிடக் கொடுமை வேறென்ன இருக்கிறது?

ஒன்றரை வருடம் போனது. ஒரு மழைநாள் சாயங்காலம், பார்க்கை மூடிக்கொண்டிருந்தார்கள். கணினி அறையில் இருப்பவனுக்குத் தடிக் கண்ணாடி, அதனால் எல்லோருக்கும் அவன் சோடாபுட்டி. அக்காவைக் கூப்பிட்டான்.

"அக்கா, நாளையிலருந்து புதுப் பட்டை. பழசை எல்லாம் இப்ப அழிக்கப் போறேன். இந்த ஒரு ஆளைப் பாருங்க, ஒன்றரை வருஷமா வெளியவே போகல. நம்ம பார்க் அவ்வளவு பிடிச்சுப் போச்சு போல!"

சிரித்துக்கொண்டே திரையைத் திருப்பினான்.

உள்ளே: 1. பட்டுக்குஞ்சு.

அக்கா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் வர்ற வரைக்கும் அதைத் தொடாதே."

"மெஷின் கோளாறுக்கா அது..."

"தொடாதேன்னு சொல்றேன்ல!"

ஓடினாள். ஒரு மஞ்சள் பட்டையை எடுத்துத் தன் கையில் கட்டினாள். அந்தப் பதிவோடு ஜோடி போட்டாள். உடனே அதிர்ந்தது. ம்ம்ம்... அழிப்பதற்குள் பிள்ளையை வெளியே கூட்டி வந்துவிட வேண்டும். அது ஒன்றுதான் மனதில். பயமெல்லாம் பிறகுதான் வந்தது.

உள்ளே ஈ காக்காய் இல்லை. மழை மட்டும். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. கை விடாமல் அதிர்ந்தது. ம்ம்ம்... ம்ம்ம்...

கரடியைத் தாண்டினாள்.

அதிர்வு நின்றது.

முதுகுக்குப் பின்னால்... "வந்துட்டியா, பட்டுக்குஞ்சு!"

திரும்பினாள். யாருமில்லை. கரடி தலையாட்டிக்கொண்டிருந்தது. அதன் கண் பார்த்த இடம்... தரைக்கு மூன்றரை அடி மேலே.

ம்ம்ம்... மறுபடியும். எங்கேயோ ஓடுகிறாள்!

அக்கா பின்னாலேயே ஓடினாள். பறக்கும் ராட்டினம் வந்ததும் அதிர்வு அடங்கியது. இருட்டில் உயரக் கம்பம் மட்டும்.

டிக்...

பச்சை.

கதவு திறந்தது. ஒரு இருக்கையின் கம்பி தானாக இறங்கியது. க்ளக்.

அக்கா அந்த இருக்கைப் பக்கம் குனிந்தாள். "ஒரே ஒரு ரவுண்டுதான்டி தங்கம். அப்புறம் வீட்டுக்குப் போயிடணும்."

ராட்டினம் சுற்றியது. யாரும் சுவிட்சைப் போடவில்லை. எல்லா அம்மாக்களையும் போல அவள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். நின்றதும் இருக்கைகளைத் தொட்டாள். எல்லாம் ஈரம்.

அந்த ஒன்று மட்டும் காய்ந்திருந்தது.

"வா. அம்மா கையைப் பிடிச்சுக்கோ."

நடந்தாள். கை அதிரவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. வாசல் மெஷினில் பட்டையைக் காட்டினாள்.

டிங்.

மழை...

டிங்.

போன் அடித்தது. சோடாபுட்டிதான். "அக்கா... பூஜ்யம் ஆயிடுச்சு."

மறுநாள் காலையில் அவனே எங்கள் வீட்டுக்கு வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. அழிப்பதற்கு முன்னால் உயரக் கம்பத்தின் பதிவைப் பார்த்தானாம். குடும்ப நாளன்று பட்டுக்குஞ்சு நூற்றுப் பதின்மூன்று சென்டிமீட்டர். நேற்று, நூற்று இருபத்திரண்டு.

ஒன்றரை வருடத்தில் ஒரு பிள்ளை எவ்வளவு வளருமோ, அவ்வளவு.

அக்கா பயப்படவில்லை. பட்டை கையில் அதிராமல் கிடந்தது. அவன் போனில் காட்டிய எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாய்விட்டு அழுதாள்.

"வளர்ந்திருக்காடா தம்பி... எம் பொண்ணு வளர்ந்ததை நான் பார்க்கவே இல்லையேடா..."