அந்த அம்மாள் சொன்ன பெயர்

என் கணவர் வாரநாட்களில் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் மேற்பார்வை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜீப்பு ஏறி, போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டின் சின்ன ஜெபக்கூடத்தில் பிரசங்கம் செய்வார். போதகர் எப்போதாவதுதான் அங்கே வருவார். மற்றபடி இவர்தான்.

கல்யாணமான புதிதில் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் எனக்கு உயிர். முன்னறையில் பிரசங்கம் எழுதிக்கொண்டே, "ஏம்மா, கிணத்தடிக்குத் தண்ணி எடுக்க ஒரு பொம்பள வருவாளே, அது எங்க இருக்கு?" என்று கேட்பார். நான் அடுப்படியில் இருந்தபடியே அதிகாரமும் வசனமும் சொல்வேன். ஓய்வுநாள் பாடசாலை மனப்பாடப் போட்டியில் என்னை யாரும் ஜெயித்தது கிடையாது. சில சமயம் தெரிந்திருந்தும் வாயைத் திறக்கமாட்டேன். இன்னொரு தடவை கூப்பிடட்டுமே.

பிறகு அந்த மென்பொருள் வந்தது. சபைக்கு வந்த வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் இவருடைய லேப்டாப்பில் போட்டுக்கொடுத்தார். வேதாகமம் படிப்பதற்கென்றே ஒரு கம்பெனி பல வருஷமாகச் செய்து வந்த மென்பொருள் அது. ஒரு வார்த்தையைத் தட்டினால் அந்த வார்த்தை வருகிற இடமெல்லாம் வந்து நிற்கும். மூல மொழியில் அதற்கு என்ன பொருள், அந்த ஊர் வரைபடத்தில் எங்கே இருக்கிறது, எல்லாம் காட்டும். முதல் வாரம் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். குழந்தை மாதிரி சிரித்தார். அதற்கப்புறம் அடுப்படிப் பக்கம் குரல் வரவில்லை.

ஒரு பெட்டியைப் பார்த்து ஒரு பெண் பொறாமைப்படுவாளா என்று கேட்டால், படுவாள். நான் பட்டேன். காப்பி கொண்டுபோய் வைத்தால் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் "வச்சிட்டுப் போ" என்பார். அதோடு முடியவில்லை. மென்பொருளில் ஏதாவது கோளாறு என்றால் கம்பெனிக்கு எழுத வேண்டும். அங்கே பதில் எழுதுகிறவர் ஒரு பெண். "அந்தம்மா ரொம்பப் பொறுமையா சொல்லித் தர்றாங்க" என்பார். அந்த அம்மாளின் பதிலைப் படிக்கும்போது இவர் முகத்தில் ஒரு சாந்தம் வரும். நான் பக்கவாட்டில் நின்று அதைப் பார்ப்பேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள், தோசையைப் பிட்டுக்கொண்டே சொன்னார்.

"கம்பெனிய மூடுறாங்களாம்."

"எந்தக் கம்பெனிய?"

"நம்ம பைபிள் சாப்ட்வேர் கம்பெனி. நடத்துனவங்களுக்கு வயசாயிருச்சாம். வேணுங்கிறத இப்பவே வெரசா இறக்கி வச்சுக்கிடச் சொல்லியிருக்காங்க. அப்புறம் எதுவும் கிடைக்காது."

தோசை பாதியிலேயே நின்றுவிட்டது. எனக்கோ இன்னும் இரண்டு தோசை இறங்கியது. அன்று சாயங்காலம் நான் பாடம் எடுக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கேசரி கிண்டினேன். நெய் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினேன்.

"என்ன விசேஷம்?" என்றார்.

"சும்மாதான்."

அந்த வாரம் முழுக்க அவர் வீட்டில் இருந்த நேரமெல்லாம் கோப்புகளை இறக்கிக்கொண்டிருந்தார். மழையில் நெட்டு விட்டுவிட்டு வரும். போனை ஜன்னல் கம்பியில் செருகிவிட்டு, திரையில் பாதியில் நின்றுபோன நீல நிறக் கோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். என் அப்பா செத்தபோதுகூட இந்த மனுஷன் இப்படி உட்காரவில்லை என்று எனக்கு வயிறு எரிந்தது.

எல்லாம் இறங்கிய பிறகு கம்பெனிக்கு நன்றி சொல்லி எழுதினார். அந்த அம்மாள், விடைபெறுவதற்கு முன் ஒரு தடவை முகம் பார்த்துப் பேசலாமா என்று கேட்டிருந்தார். மறுநாள் சாயங்காலம் வீடியோவில் பேசுவதாக ஏற்பாடு. இவர் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை எடுத்துப் போட்டார். தலை சீவினார். பவுடர் போட்டார். பவுடர்!

"பொண்ணு பாக்கப் போற மாதிரில்ல இருக்கு" என்றேன்.

"சும்மா இரு. எத்தன வருஷப் பழக்கம்."

திரையில் வந்தது தலை முழுக்க நரைத்த ஒரு அம்மாள். மூக்குக்கண்ணாடி, கம்பளிச் சட்டை. அவர்களுக்கு அப்போது காலை. நான் கதவோரம் நின்றேன். தொடக்கப்பள்ளி ஆசிரியைக்குத் தெரிகிற அளவு இங்கிலீஷ் எனக்கும் தெரியும். மென்பொருளைப் பற்றிப் பேசினார்கள், இங்கே பெய்கிற மழையைப் பற்றிப் பேசினார்கள். கண்ணில் பட்டுவிட்டேன் போல. அந்த அம்மாள் என்னை அருகில் வரச் சொன்னார். போய் நின்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, உங்கள் குட்டி மகளை நான் மறக்கவே இல்லை என்றார். ஒரு பெயரைச் சொன்னார். அந்தப் பெயரைச் சொல்லித்தான் இன்றைக்கும் ஜெபிக்கிறேன் என்றார்.

எங்களுக்கு முதலில் பிறந்தது பெண். ஆஸ்பத்திரியைத் தாண்டி அவள் எங்கும் போகவில்லை. பெயர் வைக்கவும் இல்லை. வைக்கவில்லை என்றுதான் அந்த நிமிஷம் வரை நினைத்திருந்தேன். அவளைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, பேசாமலே பழகிவிட்டது. பின்னால் பிறந்த மகன் இப்போது மதுரையில் படிக்கிறான். அவனுக்கு அக்கா ஒருத்தி இருந்தாள் என்பதே தெரியாது.

நான் அந்த அம்மாளைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு அடுப்படிக்கு வந்துவிட்டேன். பேச்சு முடிந்து இவர் வந்து நிலைப்படியில் நின்றார்.

"எப்ப வச்சீங்க அந்தப் பேர?"

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருந்து பஸ்சுல வந்தோம்ல, அப்ப."

"பக்கத்துலதான உக்காந்திருந்தேன்?"

"நீ அழுதுக்கிட்டே வந்த. அப்புறம் ஒரு நா அழுகைய நிறுத்திட்ட. மறுபடி நான் எப்படி ஆரம்பிக்க?"

"அவங்ககிட்ட மட்டும் ஆரம்பிக்கத் தெரிஞ்சுச்சோ?"

அவர் நிலைப்படியிலேயே உட்கார்ந்து சொன்னார். சில வருஷத்துக்கு முன்னால் எஸ்டேட்டில் வேலை செய்கிற ஒரு பெண்ணுக்குக் குழந்தை தவறியிருக்கிறது. அடக்கத்தில் பேச இவரை அழைத்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து மென்பொருள் திறக்கவில்லை. கம்பெனிக்கு எழுதினால், என்ன அவசரம் என்று கேட்டு அந்த அம்மாளிடமிருந்து பதில் வந்திருக்கிறது.

"காரணத்த எழுத ஆரம்பிச்சேன். நம்ம பிள்ளையும் அதுல வந்துருச்சு. இங்கிலீசுல எழுதும்போது யாருக்கோ நடந்த மாதிரி இருந்துச்சும்மா. தமிழ்ல அது என்னால முடியாது."

எனக்குப் புரிந்தது. புரிந்தும் ஆறவில்லை. நான் பெற்ற பிள்ளையின் பெயர் என் வாய்க்கு வருமுன்னே கடல் தாண்டி ஒருத்தியின் ஜெபத்தில் வருஷக்கணக்காக இருந்திருக்கிறது. என்னைவிட அதிகத் தடவை அவள் என் மகளைக் கூப்பிட்டிருக்கிறாள். பெட்டியின் மேல் இருந்த பொறாமையெல்லாம் இதன் முன்னால் விளையாட்டு. அடுத்த சில நாட்கள் சோறு போட்டேன், பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஜீப்பில் எஸ்டேட்டுக்குப் போகிறவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வளைவுகளில் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தோம். மேலே இறங்கி, ஏலச்செடிகளுக்கு நடுவே ஜெபக்கூடத்துக்கு நடக்கும்போதுதான் கேட்டேன்.

"ஒரு தடவ சொல்லுங்க."

"என்ன?"

"அவ பேர."

சொன்னார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. ஈரப்பாதையிலேயே குத்தவைத்து உட்கார்ந்து அழுதார். மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை. நான் முந்தானையைக் கொடுத்தேன். பின்னால் வந்த எஸ்டேட்டுப் பெண் ஒருத்தி, "என்னாச்சு அண்ணே, அட்டை கடிச்சிருச்சா?" என்று பதறினாள். இல்லை என்று அனுப்பி வைத்தேன். அதன் பிறகு நான் அந்தப் பெயரை என் வாயால் சொல்லிப் பார்த்தேன். நல்ல பெயர். நானே வைத்திருந்தாலும் அதைத்தான் வைத்திருப்பேன். அதை இங்கே எழுதப் போவதில்லை.

கம்பெனி சொன்னபடி மூடிவிட்டது. இறக்கி வைத்தது லேப்டாப்பில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த அம்மாளின் சொந்த முகவரியை இவர் வாங்காமல் விட்டுவிட்டார். கம்பெனி முகவரிக்கு எழுதினால் திரும்பி வந்தது. அதைக் கேட்டபோது முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் சாயங்காலம் ஜெபத்தில் உட்கார்ந்தபோது அந்த நரைத்த தலை ஞாபகம் வந்தது. அவருக்காகவும் இரண்டு வார்த்தை சொன்னேன்.

மகன் விடுமுறைக்கு வந்தபோது அவன் அக்காவைப் பற்றியும் அந்த அம்மாளைப் பற்றியும் இரண்டு பேருமாக அவனிடம் சொன்னோம். அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தான்.

"கண்ணுல பாக்காத வெளிநாட்டு அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாதா?" என்றான்.

இவர் என்னைப் பார்த்தார். நான் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றி, "சாப்பிடு, எல்லாம் சொல்றேன்" என்றேன்.