மஞ்சள் வயர் மாறிக் கிடந்த நாள்

வயர் விஷயத்தில் எங்கள் வீட்டில் என்னை மிஞ்ச ஆளில்லை. பத்து வயதிலேயே எனக்கு அந்தத் தலைக்கனம் இருந்தது. டிவியின் பின்பக்கம் எந்த ஓட்டை எதற்கென்று அப்பாவைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அப்பா மட்டும் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

அந்த வருடம் அக்காவுக்குக் கனடாவில் கலியாணம். அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. மூன்று நாள் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு டவுனுக்குப் போய், அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுச்சேலை எடுத்து வந்தார். கூறைச்சேலை மாப்பிள்ளை வீட்டார் கொடுப்பது. அதற்கு முன் மணவறைக்கு உடுத்து வருவது பெண் வீட்டுச் சேலை.

“நான் போகாட்டிலும் என்ரை சாறியாவது மணவறையில இருக்கட்டும்” என்று, கனடா போகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டார். அதற்குள் எங்கள் ஊர் உடுவிலில் பாதிப் பேருக்கு அதை விரித்துக் காட்டியாயிற்று.

கலியாண டிவிடி வந்த அன்று, நான் பள்ளிக்கூடத்தால் வருவதற்குள் அப்பா தானே வயர்களைக் கொழுவிவிட்டார். அம்மாவும் பக்கத்து வீட்டு மாமியும் டிவி முன்னால் இருந்தார்கள். படம் கறுப்பு வெள்ளை. அதிலும் புள்ளி புள்ளியாக ஏதோ ஊர்ந்தது. அக்கா மணவறையில் இருந்தாள்.

“பாருங்கோ, நான் குடுத்துவிட்ட சாறி!” என்றார் அம்மா.

“ஓமோம், கரையைப் பாக்கவே தெரியுது” என்றார் மாமி.

அம்மாவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதுவரை கண்டதில்லை. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. கலர் இல்லாமல் என்ன கலியாணம்? டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். நினைத்தது சரி. மஞ்சள் வயரை அப்பா பச்சை ஓட்டையில் செருகியிருந்தார். அப்படிச் செருகினால் படம் வரும், நிறம் வராது.

“எதில கொழுவினால் என்ன, படம் வருதுதானே” என்றார் அப்பா.

நான் விடுவேனா? பிடுங்கி மஞ்சளில் செருகி, ரிமோட்டையும் ஓர் அமத்து அமத்தினேன். பளிச்சென்று நிறம் வந்தது. கழுத்து மாலையில் ரோசாப்பூ சிவந்தது. அக்காவின் சேலை மயில் நீலம்.

மாமி அம்மாவைப் பார்த்தார். அம்மா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீலமும் வடிவாத்தான் இருக்கு” என்றார் அம்மா. மாமி அடுப்பில் கறி இருக்கிறதென்று எழும்பிப் போய்விட்டார். என்னை ஒருவர்கூட மெச்சவில்லை. எனக்குச் சரியான கோபம்.

அடுத்தநாள் கொடிகாமத்துச் சின்னம்மா கலியாணம் பார்க்க வருவதாக இருந்தது. அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பிள்ளை, அந்த மஞ்சள் வயரை அப்பா கொழுவின மாதிரியே கொழுவிவிடு.”

“அப்ப கலர் வராதம்மா!”

“ஓம். வராட்டிப் பரவாயில்லை.”

எரிச்சலோடுதான் மாற்றிச் செருகினேன். இவ்வளவு விளக்கிச் சொல்லியும் இந்த அம்மாவின் மண்டையில் ஏறவில்லையே!