முன்பள்ளிச் சுவரில் மனிதர்கள்

முசலிக் கரையில் ஓர் ஊர். பாதிப் பேர் கத்தோலிக்கர், மீதிப் பேர் முஸ்லிம்கள். அங்கே புதிதாகக் கட்டிய முன்பள்ளிக்குச் சுவரோவியம் வரையக் கொழும்புத் தொண்டு நிறுவனம் ஒன்றின் ஆட்கள் என்னை அனுப்பினார்கள். படம் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் ஒன்றுசேர்க்கும் என்றார்கள். படத்துக்கு அவ்வளவு சக்தி உண்டென்று கொழும்பில் இருப்பவர்கள்தான் நம்புவார்கள்.

பள்ளிவாசல் பெரியவர்கள் முதலில் வந்தார்கள். "நல்லாக் கீறுங்கோ. ஆனா முகம் வேண்டாம், மார்க்கத்தில கூடாது" என்றார்கள். சரி என்று, வலை இழுப்பவர்களைக் கண், மூக்கு, வாய் இல்லாமல் வரைந்தேன். எனக்கென்னவோ அழகாகத்தான் தெரிந்தது.

மறுநாள் ஒரு கத்தோலிக்கத் தாய் சுவரைக் கண்டதும் மகளை இழுத்துக்கொண்டு பின்வாங்கினார்.

"இதென்ன, தலையாட்டியளைக் கீறி வைச்சிருக்கிறியள்? நான் பிள்ளையை அனுப்பமாட்டன்."

சண்டைக் காலத்தில் முகத்தைச் சாக்கால் மூடி, தலையை ஆட்டி ஆட்களைக் காட்டிக்கொடுக்க இராணுவம் நிறுத்தியவர்களுக்கு அந்தப் பெயர். அப்படி ஒரு தலையாட்டலில் பிடிபட்ட அவருடைய தமையன் திரும்பவேயில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று முணுமுணுத்தபடி அழித்தேன். பிள்ளைகள் வராவிட்டால் சுவர் எதற்கு?

பிறகு எல்லாரையும் முதுகு காட்டி நடக்கவிட்டேன். தலையில் கூடை, இடுப்பில் குழந்தை. இதில் யார் குறை பிடிக்கிறார்கள் பார்ப்போம் என்று எனக்கு ஒரு வீறாப்பு.

சண்டைக் காலத்தில் முஸ்லிம்கள் எல்லாரையும் விரட்டியபோது சிறுமியாக ஊரைவிட்டுப் போய், புத்தளத்தில் வளர்ந்து திரும்பிவந்த முஸ்லிம் பெண் ஒருவர் மகளோடு வந்தார். சுவரை வெகுநேரம் பார்த்தார்.

"எங்களத் திரும்பவும் போகச் சொல்றீங்களோ?"

அதையும் அழித்தேன். வீறாப்பெல்லாம் போய் வெட்கமாக இருந்தது.

கடைசியில் மனிதர்களையே விட்டுவிட்டேன். வாசலை ஒட்டிய சுவரின் அடியில் சின்னச் சின்னச் செருப்புகளாக வரைந்தேன். எல்லாம் கதவைப் பார்த்தபடி. இரண்டு பக்கத்தாரும் வீட்டு வாசலில் அப்படித்தானே கழற்றுகிறார்கள்.

கத்தோலிக்கத் தாய் வந்து பார்த்தார்.

"ஆக்கள் எங்கை?"

"உள்ளுக்குப் போயிட்டினம்."

அவர் நம்பாமல் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு மகளின் கையை விட்டார்.

திறப்பு நாளில் புத்தளத்திலிருந்து வந்தவரும் மகளோடு வந்தார். மகளின் செருப்பைக் கழற்றி, சுவரில் இருந்தவற்றுக்குப் பக்கத்தில் கதவைப் பார்க்க வைத்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன்னுடையதையும் கழற்றினார். பிறகு குனிந்து, அதை மட்டும் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

நான் பார்ப்பதைக் கண்டு சிரித்தார்.

"போகச் சொன்னா உடன போடலாம்தானே."